விடியற்காலை வயிற்றுவலி, சரியும் இமை: ஒரு கட்டுவிரியன் கடியும் அதைப் பாடமாக்கிய விதமும்

வேலூர் மாவட்டத்தில், அதுவும் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம், மழைக்காலத்தில் இரவுப் பணி பார்ப்பவர்கள் மறக்கக் கூடாத ஒரு நோயாளி உண்டு. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவர். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், வாந்தி எடுப்பார், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்கச் சிரமப்படுவார். உடம்பில் எங்கு தேடினாலும் கடித்த தடம் கிடைக்காமல் போகலாம். அது கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாது. கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்படி எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணின் கேஸ் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சையைச் சொல்லிவிட்டு, அதை வைத்துச் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் பாடம் எடுத்ததையும் எழுதுகிறேன். பின்னதுதான் நீளமாக இருக்கும். கட்டுவிரியன் கடிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. விடியற்காலை ஆறரை மணிக்குப் பணியில் இருக்கும் இரண்டு பேரின் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை.

நோயாளி

முப்பது வயதைத் தாண்டிய விவசாயக் கூலித் தொழிலாளி. ஜவ்வாது மலை அடிவாரத்தில் வீடு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை பிடுங்கி, மூட்டை கட்டி, வீட்டுக்குள்ளேயே அடுக்கியிருந்த நேரம். மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டிலில் மாமியாரும் குழந்தையும், இவர் கீழே பாயில். மூன்று மணி வாக்கில் வயிற்றை முறுக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டு தடவை வாந்தி. ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் விழுங்க முடியவில்லை, தொண்டை அடைக்கிறது என்றிருக்கிறார். ஆறரை மணிக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

நாடி 110, ரத்த அழுத்தம் 140/90, ஆக்சிஜன் அளவு 94. வீக்கம் இல்லை, கீறல் இல்லை. பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு மிருதுவாகத்தான் இருந்தது. டிரிப்ஸ் போட வந்த சிஸ்டருக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண் அவரைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தை மேலே தூக்கி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். இமை தானாக மேலே போகாதபோது மனிதர்கள் செய்வது அது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் நெற்றியைச் சுருக்கமாட்டார்.

"எம்மா, கண்ண நல்லாத் தொறந்து என்னப் பாரு" என்றார் சிஸ்டர். அந்தப் பெண்ணால் முடியவில்லை. சிஸ்டர் கணவர் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி கட்டில்ல படுத்தாங்களா, கீழயா?"

"கீழதான் மேடம்."

அதன் பிறகு செய்த சோதனைகளுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்க முடியவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள், எட்டோடு நின்றது. நோயில்லாத ஒருவர் பெரும்பாலும் முப்பதைத் தாண்டிவிடுவார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார்கள், உறைந்தது. கண்ணாடி விரியன் நஞ்சு ரத்தத்தை உறைய விடாது. நல்ல பாம்பு என்றால் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்கும். எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

மருந்தும் மூச்சும்

பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்து, நாங்கள் சொல்லும் ஏ.எஸ்.வி., 10 குப்பிகள் சலைனில் கலந்து ஏற்றப்பட்டன. ஒவ்வாமை வந்தால் தொடையில் போட அட்ரினலின் 0.5 மி.கி. ஊசியில் எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை வலுவாக்கும் நியோஸ்டிக்மைன் மருந்தையும் அட்ரோபினோடு கொடுத்துப் பார்த்தார்கள், இமை அசையவில்லை. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் அசையாது.

ஏ.எஸ்.வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு மேலோட்டமானது. வாயில் எச்சில் தேங்கியது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். மருந்துதான் போகிறதே, ஏன் மோசமாகிறார்? கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைக்குள் போய், தசைக்குச் செய்தி அனுப்பும் இடத்தையே சிதைத்துவிடுகிறது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் ஏ.எஸ்.வி.யால் பிடிக்க முடியும். திருடன் உள்ளே புகுந்த பிறகு வாசலைப் பூட்டுவது மாதிரி. இன்னொருவன் வராமல் தடுக்கலாம், உள்ளே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது. சிதைந்த நரம்பு முனைகள் திரும்ப வளரப் பல நாட்கள் ஆகும். அதுவரை அவருக்காக யாராவது மூச்சு விட்டால் போதும், மனிதர் முழுசாகத் திரும்பி வருவார்.

ஆக்சிஜன் அளவு 84க்கு இறங்கியது. வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்து, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக்கை எடுத்தார்கள். முதலில் ஒருவரே ஒரு கையால் முகமூடியைப் பிடித்து, மறு கையால் அழுத்தினார். கன்னத்தோரம் காற்று புஸ்ஸென்று வெளியே போனது, மார்பு எழவில்லை. சிஸ்டர் தலைமாட்டுக்கு வந்து, இரண்டு கைகளாலும் தாடையை முகமூடிக்குள் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினார், பயிற்சி மருத்துவர் அழுத்த மட்டும் செய்தார். மார்பு எழுந்தது. இரண்டு நிமிடத்துக்குள் 97. அப்புறம் மூத்த மருத்துவர் வந்து, தூக்க மருந்து கொடுத்து, மூச்சுக் குழாயில் ட்யூப் போட்டார்.

108 வண்டியில் அணைக்கட்டு வழியாக வேலூர் வரை கையாலேயே மூச்சு கொடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய மருத்துவமனையில் வெண்டிலேட்டரில் வைத்தார்கள், ஆறாம் நாள் ட்யூப் எடுத்தார்கள். இரண்டாவது வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

பிறகு எங்களைப் பார்க்க வந்தபோது அந்தச் சிஸ்டரிடம் அவர் சொன்னது: "நீங்க எண்ணிக்கினே இருந்தீங்க மேடம், எனக்குக் கேட்டுச்சு." கட்டுவிரியன் கடியில் தசைகள்தான் நின்றுபோகின்றன, மூளை விழித்திருக்கிறது. விழிப் பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போய், மூளைச்சாவு என்று தவறாக நினைக்கும் அளவுக்கு அசைவில்லாமல் கிடப்பார்கள். ஆனால் பக்கத்தில் பேசுவதெல்லாம் காதில் விழும். தூக்க மருந்து கொடுப்பதும், பேர் சொல்லிக் கூப்பிட்டு "நாங்க மூச்சு குடுக்கறோம், பயப்படாதம்மா" என்று சொல்வதும் இந்தக் கேஸில் சிகிச்சைதான்.

தொலைபேசியில் ஒரு பிரசன்டேஷன்

கேஸ் பிரசன்டேஷன் என்றாலே நம் ஆட்களுக்கு அரங்கமும் புரொஜெக்டரும்தான் நினைவுக்கு வரும். அன்று காலை நடந்த முக்கியமான பிரசன்டேஷன் தொலைபேசியில் நடந்தது. நோயாளியை அனுப்புகிறோம் என்று வேலூருக்குச் சொன்ன அழைப்பு அது.

பயிற்சி மருத்துவர் தொடங்கிய விதம் இது: "சார், 32 வயசு லேடி, மூணு மணியிலிருந்து வயித்துவலி, ரெண்டு தடவை வாந்தி, பி.பி. 140/90, வயிறு சாஃப்டா இருக்கு…" கல்லூரியில் நாம் பழக்கிவிட்ட வரிசை அது. முதலில் புகார், பிறகு வரலாறு, பிறகு பரிசோதனை, கடைசியில் நோய். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். மறுமுனையில் இருப்பவரோ முதல் பத்து விநாடியில் வயிற்று நோயாளி என்று எழுதிக்கொண்டு, அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்.

மூத்த மருத்துவர் போனை வாங்கிச் சொன்னது: "சார், கட்டுவிரியன் கடி, மூச்சுத் தசை நின்னுடுச்சு. ட்யூப் போட்டாச்சு, கையால பேக் பண்ணிக்கிட்டு வர்றாங்க. வெண்டிலேட்டர் வேணும். ஏ.எஸ்.வி. பத்து வயல் முடிஞ்சுது. ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க." மறுமுனையில் ஒரே கேள்வி: "ட்யூப் எத்தனாம் நம்பர்?" வண்டி போய்ச் சேரும்போது வெண்டிலேட்டர் தயாராக இருந்தது.

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கேட்பது என்ற நான்கு படி வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நான்கு படியையும் மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: இதைக் கேட்பவர் போனை வைத்ததும் என்ன செய்ய வேண்டும்? அதை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடு. மீதியை அவரே கேட்பார்.

கூட்டத்தில்

மாதாந்தர மருத்துவக் கூட்டத்தில் அதே பயிற்சி மருத்துவர் இந்தக் கேஸை வைத்தார். நல்ல உழைப்பாளி, நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். 40க்கும் மேல் ஸ்லைடுகள். முதல் ஸ்லைடிலேயே 'கட்டுவிரியன் கடி: ஒரு கேஸ்' என்று தலைப்பு. அடுத்து இந்தியாவின் நான்கு பெரும் நச்சுப் பாம்புகள், அவற்றின் விலங்கியல் பெயர்கள். அப்புறம் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. நஞ்சின் மூலக்கூறு வகைகள். நோயாளி வந்து சேர்ந்தபோது அரை மணி நேரம் போய்விட்டது. பின்வரிசையில் இரவுப் பணி முடித்து வந்திருந்த சிஸ்டர்கள் கண் சொக்கிக்கொண்டிருந்தார்கள்.

58,000 என்பது உலுக்க வேண்டிய எண். யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. அந்த எண்ணில் ஒருத்தியாக ஆகியிருக்க வேண்டியவரை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

தலைப்பிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. கட்டுவிரியன் என்று தெரிந்த பிறகு சரிந்த இமை யாருக்கும் தெரியும். தெரியாதபோது தெரிகிறதா என்பதுதான் பயிற்சி. இன்னொன்று, ஸ்லைடில் இருக்கும் வாக்கியங்களை அப்படியே வாசிப்பது. கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, காது வேறு வேகத்தில் கேட்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இடறிவிடுகின்றன. ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியல் அறிஞர் இதை ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அதே சொற்களைத் திரையிலும் குரலிலும் சேர்த்துக் கொடுக்கும்போது கற்பது குறைகிறது. நம் கல்லூரிகளில் இது பரவலான பழக்கம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

செவிலியர்களுக்கு மறுபடி எடுத்தபோது அந்தப் பயிற்சி மருத்துவரும் நானும் உட்கார்ந்து அதைப் பிரித்து மாற்றினோம். மேடையில் நின்றது அவர்தான். தலைப்பு, 'விடியற்காலை வயிற்றுவலி'. திரையில் ஒரே ஒரு கோடு: 3 மணி, 5 மணி, 6.30. வேறு எழுத்து கிடையாது. நோயாளியின் முகப்படத்தைப் போடுவது சரியில்லை என்பதால், தலையைச் சாய்த்து நெற்றியைச் சுருக்கிய ஒரு முகத்தைக் கோட்டோவியமாக வரைந்து வைத்தோம். அவர் கேஸைத் தமிழில், அந்தக் காலையில் நடந்த வரிசையிலேயே சொன்னார். 6.30க்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "இப்போ இந்தம்மாகிட்ட நீங்க கேக்கற அடுத்த கேள்வி என்ன?" என்றார். நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பேசுபவருக்கு அந்த அரை நிமிட மௌனம் தாங்காது, தானே பதிலைச் சொல்லிவிடுவார். அவர் தாங்கிக்கொண்டார். மாதவிடாய், குடற்புழு, கெட்டுப்போன சாப்பாடு என்று பதில்கள் வந்தன. கடைசியில் நடு வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க படுத்திருந்தாங்கன்னு கேப்பேன்." அதன் பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

58,000 அப்புறம்தான் வந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருப்பதும், அதனால் இப்படி ஒரு கேஸ் வந்தால் யார் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதோடு வந்தன. இப்போது அவை செய்ய வேண்டிய வேலையாகக் காதில் விழுந்தன.

கை பழகும் இடம்

மூச்சு நிற்கும் கட்டம் வந்ததும் திரையை அணைத்தோம். அரங்கத்தின் நடுவில் மேசை மேல் பயிற்சிப் பொம்மை, அம்பு பேக், மூன்று அளவு முகமூடிகள். இந்தக் கட்டத்தை ஸ்லைடில் சொல்லிக்கொடுக்க முடியாது. முயலவும் கூடாது.

திறனைச் சொல்லிக்கொடுக்க ராட்னி பெய்டன் என்ற மருத்துவர் 1998இல் எழுதிவைத்த நான்கு படி முறை எனக்குப் பிடிக்கும். முதலில் பயிற்றுநர் ஒன்றும் பேசாமல், உண்மையான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி மெதுவாகச் செய்வார். மூன்றாவதாக, கற்பவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வார். கடைசியாகக் கற்பவர் தானே செய்வார். நேரம் இல்லை என்று எல்லோரும் தாண்டிப் போவது மூன்றாவது படியை. என் அனுபவத்தில் தவறுகள் வெளியே வருவது அங்கேதான். ஒரு சிஸ்டர் "முகமூடியை முகத்துல வச்சு அழுத்தணும்" என்றார். அவர் சொன்னபடியே நான் கீழ்நோக்கி அழுத்தினேன். பொம்மையின் தாடை பின்னால் போய், மார்பு எழவில்லை. "இல்ல சார், முகத்தை முகமூடிக்குள்ள தூக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வாயிலிருந்தே வந்ததால் நின்றது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முகமூடியின் மேல், மற்ற மூன்று விரலும் தாடை எலும்பின் கீழ்.

வேகம் இன்னொரு சிக்கல். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக, முழு பேக்கும் காலியாகும்படி அழுத்துவார்கள். அந்தக் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியாகும். பெரியவர்களுக்கு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு போதும், மார்பு எழுவது தெரிந்தால் அழுத்துவதை நிறுத்திவிட வேண்டும். வாய்விட்டு "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அழுத்து" என்று எண்ணச் சொன்னோம். அந்த நோயாளிக்குக் கேட்டது இந்த எண்ணிக்கைதான் என்று சிஸ்டர் சொன்னதும், அரங்கத்தில் எல்லோரும் பொம்மையோடு பேச ஆரம்பித்தார்கள். பேர் வைத்து, தோளைத் தொட்டு.

ஒருவர் கேட்டார்: வேலூர் போய்ச் சேர ஒரு மணி நேரம், மலைப் பாதையில் இன்னும் கூட, கையால் அழுத்திக்கொண்டே எப்படிப் போவது? நியாயமான கேள்வி. பதிலுக்கு 1952ஐச் சொன்னேன். கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், கருவிகள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டு, பையை அழுத்தி மூச்சு கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் மாறி மாறி, இரவு பகலாக, வாரக்கணக்கில் அழுத்தினார்கள். மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இறந்துகொண்டிருந்த நிலை, பாதிக்கும் கீழே வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு வளர்ந்ததே அங்கிருந்துதான். நாம் கையில் வைத்திருக்கும் தானே விரியும் பேக்கும் 1956இல் டென்மார்க்கில் வந்ததுதான். அதற்கு மின்சாரம் வேண்டாம். சிலிண்டர் தீர்ந்தால்கூட வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு வேலை செய்யும்.

வேலூரில் சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி என்று பெரிய இடங்கள் இருப்பதால், சுற்றுப்புற மருத்துவமனைகளில் ஒரு மனநிலை ஊறிப்போயிருக்கிறது: நம் வேலை அனுப்பிவைப்பது, காப்பாற்றுவது அங்கே. கட்டுவிரியன் கடியில் அது எடுபடாது. மூச்சு நிற்பது எங்கள் மேசையில், அல்லது வண்டியில். அங்கே இருப்பவரின் கை பழகியிருந்தால்தான் வேலூரின் வெண்டிலேட்டருக்கு ஒரு நோயாளி போய்ச் சேருவார். ஒரு தடவை பழகினால் போதாது, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கை மறந்துவிடும். அதனால் பயிற்சிப் பொம்மையைப் பூட்டி வைக்காமல் செவிலியர் அறையிலேயே வைத்திருக்கிறோம். பணி மாறும் நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து சில நிமிடங்கள் அழுத்திப் பார்க்கிறார்கள்.

அடுத்து

2023 மே மாதம் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து, சரியான சாலை இல்லாத இடத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் இறந்துபோனது. பயிற்சிக்கு வந்த பலருக்கு அந்த ஊர் தெரியும். குழந்தைக்கு எப்படி என்று அவர்கள் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். குழந்தைக்கும் ஏ.எஸ்.வி. அளவு பெரியவருக்கு உள்ளதேதான், ஏனென்றால் பாம்பு இறக்கும் நஞ்சு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. மாறுவது பேக், முகமூடி, எண்ணிக்கை. குழந்தைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு மூச்சு, அதுவும் இரண்டு விரல் அழுத்தும் அளவுக்கு மெல்ல.

அடுத்த வகுப்பு அதற்காகவே. 108 வண்டியில் வரும் தம்பிகளையும் கூப்பிட்டிருக்கிறோம். வண்டி ஓடும்போது தலைமாட்டில் யார் உட்காருவது, எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதை அவர்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரசன்டேஷனைத் தயார் செய்வது இந்த முறை அந்தச் சிஸ்டர். குழந்தை அளவு பேக் வந்துவிட்டது, சின்ன முகமூடிகள் இரண்டு அளவு இன்னும் வர வேண்டியிருக்கிறது. ஜூன் மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று தேதி குறித்திருக்கிறோம்.